ஹோமர் முதல் இன்றுவரை: ஒடிசியஸைத் தொடர்ந்து ஐரோப்பிய இலக்கியம் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஐரோப்பிய இலக்கியத்தை முதலிலிருந்து படிக்க ஆசைப்படுகிறவர்கள் வழக்கமாக ஒரு பட்டியலைத் தேடிப் பிடிக்கிறார்கள். நூறு புத்தகங்கள், பண்டைய கிரேக்கக் கவிஞர் ஹோமரில் தொடங்கி அண்மையில் நோபல் வாங்கியவர்வரை. மூன்றாவது புத்தகத்திலேயே மூச்சு முட்டிவிடுகிறது. இதற்குச் சோம்பல் காரணம் அல்ல. ஒரு புத்தகத்துக்கும் அடுத்ததுக்கும் என்ன உறவு என்பதைப் பட்டியல் சொல்வதில்லை. உறவு தெரியாமல் படித்தால் எல்லாமே தனித்தனிப் பாடமாகத்தான் இருக்கும்.

அந்த எழுத்தாளர்களோ ஒருவரை ஒருவர் படித்து, வியந்து, சண்டை போட்டு, பதில் சொல்லித்தான் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பதில்களைக் காதில் வாங்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரே ஒரு பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நூற்றாண்டுகளைக் கடப்பது. நான் சொல்வது ஒடிசியஸை. ஹோமரிடம் வீடு திரும்பத் துடிக்கும் கணவன், ரோமர்களிடம் கொடிய வஞ்சகன், இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் நரகத்தில் பேசும் தீச்சுடர், 1922இல் வெளியான ஐரிஷ் எழுத்தாளர் ஜாய்ஸின் நாவலில் டப்ளின் தெருக்களில் சுற்றும் விளம்பர முகவர். அவனைப் பின்தொடர்ந்தால் பெரிய படைப்புகள் பலவும் வழியிலேயே வந்துவிடும். வராதவற்றுக்குக் கிளைப்பாதைகள் சொல்கிறேன்.

தொடங்கும் முன்

மூலமொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம். ஐரோப்பியர்களே பெரும்பாலும் மொழிபெயர்ப்பில்தான் படித்தார்கள். தாந்தேவுக்குக் கிரேக்கம் தெரியாது. இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க்குக்கு 1354 வாக்கில் கான்ஸ்டாண்டினோப்பிளிலிருந்து ஹோமரின் கிரேக்கப் பிரதி ஒன்று பரிசாக வந்தது. அவரால் ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. அந்தச் சுவடியை அணைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டதாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். பிறகு அவரும் நண்பர் பொக்காச்சியோவும் சேர்ந்து ஒருவரைப் பிடித்து லத்தீனில் மொழிபெயர்க்க வைத்தார்கள்.

பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் குட்டன்பர்க் திட்டத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் ஹோமருக்கும் தாந்தேவுக்கும் அண்மைக்கால மொழிபெயர்ப்பையே வாங்குங்கள். ஒடிசிக்கு எமிலி வில்சன் 2017இல் வெளியிட்டது தெளிவாகவும் வேகமாகவும் ஓடுகிறது. தமிழில் நல்ல மொழிபெயர்ப்பு இருக்கும் இடங்களை வழியில் சொல்கிறேன். வாரத்துக்கு நான்கைந்து மணி நேரம் ஒதுக்க முடிந்தால் இரண்டு ஆண்டில் நிதானமாக முடிக்கலாம்.

முதல் படி: ஒடிசியின் நடுவில் இறங்குங்கள்

பலரும் ஹோமரின் இலியட்டில், அதாவது கிரேக்கர்கள் டிராய் நகரோடு செய்த போரின் கதையில், தொடங்குவார்கள். நான், அந்தப் போர் முடிந்து ஒடிசியஸ் வீடு திரும்பும் ஒடிசியைத்தான் முதலில் சொல்வேன். இரண்டும் கி.மு. 8ஆம் நூற்றாண்டை ஒட்டி உருவானவை, இரண்டிலும் 24 காதைகள். ஒடிசியின் முதல் நான்கு காதைகளில் கதாநாயகனே வருவதில்லை, அவன் மகன்தான் அப்பாவைத் தேடி அலைகிறான். முதல் வாசிப்பில் நேரே ஐந்தாம் காதைக்குப் போங்கள். அவனைப் பிடித்துவைத்திருக்கும் கலிப்சோ என்ற தேவதையின் தீவில், கடலைப் பார்த்தபடி அழுதுகொண்டிருக்கிறான் ஒடிசியஸ். பெருவீரனை முதன்முதலில் அழுகையில் காட்டுகிற அந்த ஒரு முடிவிலேயே ஹோமர் யார் என்று தெரிந்துவிடும்.

அப்புறம் பதினோராம் காதையை மெதுவாகப் படியுங்கள். ஒடிசியஸ் இறந்தவர்களின் உலகுக்குப் போகிறான். ஊரில் உயிரோடு இருப்பதாக நினைத்திருந்த அம்மா அங்கே நிழலாக நிற்கிறாள். கட்டிப்பிடிக்க மூன்று முறை கை நீட்டுகிறான். மூன்று முறையும் அவள் கனவுபோல நழுவிப் போகிறாள். இந்த மூன்று தழுவல்களை நோட்டில் குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

‘செவ்விரல் வைகறை’ போன்ற தொடர்கள் திரும்பத் திரும்ப வருவது சலிப்பூட்டலாம். எழுதிப் படிப்பதற்காக அல்ல, பாடிக் கேட்பதற்காகப் பிறந்த காவியம் இது. 1930களில் மில்மன் பாரி என்ற அமெரிக்க அறிஞர் யுகோஸ்லாவியாவின் எழுதப்படிக்கத் தெரியாத பாடகர்களைப் பதிவு செய்தார். அவர்கள் இப்படிப்பட்ட ஆயத்தத் தொடர்களைக் கொண்டே பாடும்போதே நெடுங்கதைகளைக் கட்டினார்கள். ஹோமரின் கவிதையும் அந்த மரபில் வந்தது என்பதற்கு அது வலுவான சான்றானது.

இலியட்டில் 1, 6, 22, 24 ஆகிய காதைகள் இப்போதைக்குப் போதும். கிரேக்கர்கள் உள்ளே ஒளிந்து டிராயைப் பிடித்த மரக்குதிரை அதில் வராது, டிராயின் இளவரசன் ஹெக்டரின் இறுதிச்சடங்கோடு காவியம் முடிந்துவிடுகிறது. 24ஆம் காதையில் டிராயின் கிழ மன்னர் பிரியம், தன் மகன் ஹெக்டரைக் கொன்ற கிரேக்க வீரன் அக்கிலீஸின் கூடாரத்துக்கு இரவில் போய், பிள்ளைகளைக் கொன்ற அந்தக் கைகளையே முத்தமிட்டுச் சடலத்தைக் கேட்கிறார். இருவரும் சேர்ந்து அழுகிறார்கள், ஒருவர் மகனுக்காக, மற்றவன் தந்தைக்காகவும் நண்பனுக்காகவும். எதிரியின் துயரத்தைத் தன் துயரமாக உணரும் இந்த இடத்தைவிட உயர்ந்த ஒன்றைப் பின்னால் வந்த எந்த ஐரோப்பியரும் எழுதவில்லை என்பது என் எண்ணம்.

இரண்டாம் படி: ஏதென்ஸ் நாடகங்களில் நான்கு

சோஃபாக்ளீஸ் நூற்றுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதியதாகத் தெரிகிறது, முழுமையாகக் கிடைப்பவை 7. ஈஸ்கிலஸ் பெயரிலும் 7தான். கவிஞர் சாஃபோவின் நிலை இன்னும் மோசம், முழுதாகத் தப்பியது ஒரே ஒரு கவிதை. பழைய இலக்கியம் என்று நாம் படிப்பது அழிவில் மிஞ்சியதை மட்டுமே.

சோஃபாக்ளீஸின் ‘ஈடிபஸ்’, ‘அந்திகோனி’, யூரிபிடிஸின் ‘மெடியா’ மூன்றையும் படியுங்கள். நான்காவதாக, அதிகம் பேசப்படாத ‘ஃபிலோக்டெட்டீஸ்’. கி.மு. 409இல் மேடையேறிய சோஃபாக்ளீஸின் நாடகம் இது. பாம்பு கடித்துக் கால் அழுகிய ஒருவனை ஆளில்லாத் தீவில் விட்டுவிட்டுப் போன கிரேக்கர்கள், அவனுடைய வில் இல்லாமல் டிராயை வெல்ல முடியாது என்றதும் திரும்பி வருகிறார்கள். வில்லை ஏமாற்றி வாங்கச் சொல்லி அக்கிலீஸின் இளம் மகனுக்குப் பாடம் எடுப்பவன் நம் ஒடிசியஸ்! ஹோமர் மெச்சிய சமயோசிதம் இங்கே அரசியல்வாதியின் சூழ்ச்சியாகிவிட்டது. பையன் மனசாட்சி உறுத்தி வில்லைத் திருப்பிக் கொடுக்கும் காட்சி எழுதி 2,400 ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் படிக்கும்போது நெஞ்சு படபடக்கிறது.

மூன்றாம் படி: தோற்றவர் பக்கத்திலிருந்து, வர்ஜில்

தாங்கள் டிராயின் வழிவந்தவர்கள் என்று நம்பியவர்கள் ரோமர்கள். அதனால் வர்ஜிலின் ‘ஈனியட்’ அதே போரைத் தோற்றவர்கள் கண்ணால் சொல்கிறது. 12 காதைகளில் முதல் ஆறு ஒடிசிக்குப் பதில், அடுத்த ஆறு இலியட்டுக்கு. 2, 4, 6 ஆகிய மூன்று காதைகள் கட்டாயம். இரண்டாம் காதையில்தான் மரக்குதிரையின் கதை முழுதாக வருகிறது, ஒடிசியஸ் கொடியவனாக நிற்கிறான்.

ஆறாம் காதையில், டிராயிலிருந்து தப்பி வந்த கதாநாயகன் ஈனியாஸ் இறந்தவர்களின் உலகில் தன் தந்தையைச் சந்திக்கிறான். மூன்று முறை தழுவப் பார்க்கிறான், மூன்று முறையும் நிழல் நழுவுகிறது. உங்கள் நோட்டுக் குறிப்பை இப்போது பாருங்கள். அம்மா இருந்த இடத்தில் அப்பா. ரோமுக்குத் தேவைப்பட்டது வம்சமும் கடமையும்.

கி.மு. 19இல் இறக்கும்போது காவியம் முற்றுப்பெறவில்லை, எரித்துவிடும்படி வர்ஜில் கேட்டுக்கொண்டதாகப் பழைய குறிப்புகள் சொல்கின்றன. பேரரசர் அகஸ்டஸ் கேட்கவில்லை. அதே அகஸ்டஸ்தான் கி.பி. 8இல் ஓவிடைக் கருங்கடல் கரைக்கு நாடு கடத்தினார். ஓவிடின் ‘உருமாற்றங்கள்’ 15 காதைகள், ஏறக்குறைய 250 கதைகள். தலைமாட்டில் வைத்துக்கொண்டு தினம் ஒன்றாகப் படிக்க ஏற்றது.

நான்காம் படி: விவிலியமும் ஒரு துணைநூலும்

மதநூலாக நம்பினாலும் நம்பாவிட்டாலும், விவிலியம் தெரியாமல் இதற்கு மேல் நகர முடியாது. ஆதியாகமத்தின் 22ஆம் அதிகாரம், யோபு, பிரசங்கி, மாற்கு நற்செய்தி. இவ்வளவு இப்போதைக்குப் போதும்.

இந்த இடத்தில் எரிக் அவர்பாக் எழுதிய ‘மிமெசிஸ்’ நூலின் முதல் கட்டுரையைப் படிப்பது நல்லது. ஜெர்மனியில் யூதர் என்பதால் வேலை பறிபோய் இஸ்தான்புல்லில் தஞ்சமடைந்த பேராசிரியர், நல்ல நூலக வசதி இல்லாமல், 1942 முதல் 1945வரை எழுதிய நூல். ஒடிசியஸின் காலைக் கழுவும் வயதான செவிலி பழைய தழும்பைக் கண்டு அவனை அடையாளம் காணும் காட்சியையும், ஆபிரகாம் மகனைப் பலியிட அழைத்துப் போகும் காட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். ஹோமர் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் வைத்துச் சொல்லிவிடுகிறார், விவிலியம் முக்கியமானதை இருட்டில் விட்டுவிடுகிறது. பின்வந்த யதார்த்த எழுத்தை அவர்பாக் இந்த இரண்டு வகைகளிலிருந்து தொடங்கித் தொடர்கிறார். மற்ற கட்டுரைகளை அந்தந்தக் காலத்துக்கு வரும்போது படித்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: தாந்தே, அவசரமில்லாமல்

ரோமுக்கும் தாந்தேவுக்கும் இடையே ஆயிரம் ஆண்டுக்கும் மேல் இருக்கிறது. ‘பேவுல்ஃப்’, ‘ரோலந்தின் பாடல்’, ஐஸ்லாந்தின் ‘நியால் சாகா’ மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். நான் சாகாவைச் சொல்வேன். 13ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டும் நவீன உரைநடைபோல வறண்ட, கூர்மையான நடை.

சரி, தாந்தே. 1265இல் ஃபிளாரன்ஸில் பிறந்தவர். 1302இல் உள்ளூர் அரசியலில் எதிரணி வென்றதால் ஊரைவிட்டு விரட்டப்பட்டார், திரும்பினால் மரண தண்டனை. 1321இல் ராவென்னாவில் இறக்கும்வரை ஊர் திரும்பவே இல்லை. லத்தீனை விட்டுத் தன் ஊர்ப் பேச்சான தஸ்கன் மொழியில் அவர் எழுதிய ‘தெய்வீக இன்பியல்’ மொத்தம் 100 பாடல்கள், 14,233 வரிகள். நரகத்தில் வழிகாட்டியாக வருபவர் வர்ஜில்.

நாளுக்கு ஒரு பாடல் போதும். அடிக்குறிப்புகளை முதலில் பார்க்காதீர்கள். பாடலைப் படித்துவிட்டு, குறிப்பைப் பார்த்துவிட்டு, மறுபடி ஒருமுறை பாடலைப் படியுங்கள். நரகப் பகுதியின் இரண்டு பாடல்களில் நின்று நிதானிக்க வேண்டும்.

ஒன்று ஐந்தாவது. கணவனின் தம்பியைக் காதலித்துக் கொல்லப்பட்ட பிரான்செஸ்கா, தவறு எப்படித் தொடங்கியது என்று சொல்கிறாள். இருவரும் ஆர்தர் மன்னனின் வீரன் லான்ஸலாட்டின் காதல்கதையைச் சேர்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். முத்தம் வரும் இடத்தில் அவன் அவளை முத்தமிட்டான். ‘அன்றைக்கு அதற்குமேல் நாங்கள் படிக்கவில்லை’ என்று முடிக்கிறாள். கேட்ட தாந்தே மயங்கி விழுகிறார். அவளை நரகத்தில் வைத்ததும் அவர்தான், மயங்கியதும் அவர்தான்.

இன்னொன்று 26ஆவது. ஹோமரைப் படிக்க முடியாத தாந்தே ஒடிசியஸுக்கு ஒரு புதிய முடிவு தருகிறார். இவர் காட்டும் ஒடிசியஸ் வீடு திரும்பவில்லை. மகன்மேல் பாசமோ மனைவிமேல் காதலோ அவனைத் தடுக்கவில்லை. கிழத் தோழர்களைக் கூட்டிக்கொண்டு உலகின் எல்லையான ஜிப்ரால்ட்டரைத் தாண்டுகிறான். விலங்குகள்போல வாழ நீங்கள் படைக்கப்படவில்லை, அறத்தையும் அறிவையும் தேடிப் போகவே படைக்கப்பட்டீர்கள் என்று அவர்களுக்குச் சொல்கிறான். ஐந்து மாதம் கழித்து ஒரு மலை தெரிகிறது, அங்கிருந்து எழும் சூறாவளியில் கப்பல் மூழ்குகிறது. இவன் பாவியா, மகத்தானவனா என்று ஏழு நூற்றாண்டுகளாக வாதம் நடக்கிறது. தாந்தேவே இரண்டாகவும் நினைத்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நரகத்துக்கு அடுத்து வரும் ‘கழுவாய்’ பகுதியின் இரண்டாம் பாடலையும் விட்டுவிடாதீர்கள். இறந்துபோன தன் நண்பன், பாடகன் கசெல்லாவைத் தாந்தே தழுவப் பார்க்கிறார். மூன்று முறை. அம்மா, அப்பா, இப்போது நண்பன்.

ஆறாம் படி: 1348 முதல் 1616வரை

பொக்காச்சியோவின் ‘டெகமெரான்’, 1348 கொள்ளைநோய்க்குத் தப்பிய பத்து இளையவர்கள் பத்து நாளில் சொல்லும் நூறு கதைகள். முன்னுரையும் பத்துக் கதைகளும் போதும். பிரெஞ்சு எழுத்தாளர் மோந்தேன் 1580இல் வெளியிட்ட கட்டுரைகளில் ‘நரமாமிசம் உண்போர் பற்றி’ தவறவே கூடாதது. பிரேசிலின் பழங்குடிகளைக் காட்டுமிராண்டிகள் என்று சொல்ல, மதப்போரில் அண்டைவீட்டாரைச் சித்திரவதை செய்த பிரெஞ்சுக்காரர்களுக்கு என்ன தகுதி என்று கேட்கிறார். இந்தக் கட்டுரையின் வரிகள் சில ஷேக்ஸ்பியரின் ‘டெம்பஸ்ட்’ நாடகத்தில் வருகின்றன. இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். பிறகு ‘ஹாம்லெட்’, ‘லியர் மன்னன்’. ஷேக்ஸ்பியரிடமும் ஒடிசியஸ் உண்டு, ‘ட்ராய்லஸும் கிரசிடாவும்’ நாடகத்தில் ஒழுங்கைப் பற்றிப் பேருரை ஆற்றுகிறான். அது பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்பெயினின் செர்வாந்தெஸுக்கு இரண்டு மாதம் ஒதுக்குங்கள். வீரக்கதைகளைப் படித்துப் படித்துத் தானும் வீரனாகப் புறப்பட்டவனின் கதையான ‘டான் குயிக்ஸாட்’ முதல் பாகம் 1605. 1614இல் வேறு யாரோ புனைபெயரில் ஒரு போலி இரண்டாம் பாகத்தை வெளியிட்டுவிட்டார்கள். மறு ஆண்டே செர்வாந்தெஸ் உண்மையான இரண்டாம் பாகத்தைக் கொண்டுவந்தார். அதில் வரும் மனிதர்கள் முதல் பாகத்தைப் படித்திருக்கிறார்கள், போலியும் வழியில் எதிர்ப்படுகிறது, கதாநாயகன் அதை மறுத்துக் காட்டுவதற்காகவே பயணத் திசையை மாற்றுகிறான். நாவல் என்ற வடிவம் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் பழக்கம் இங்கேதான் வலுவாகத் தொடங்குகிறது.

ஏழாம் படி: நாவலின் நூற்றாண்டு

18ஆம் நூற்றாண்டை வேகமாகக் கடக்கலாம். ‘ராபின்சன் க்ரூஸோ’, வால்டேரின் ‘காந்தீத்’, கெதேயின் ‘வெர்தர்’ மூன்றும் போதும், பின்னிரண்டும் சிறியவை. ‘ஃபாஸ்ட்’ முதல் பாகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

19ஆம் நூற்றாண்டில் 1857ஐக் கவனியுங்கள். பாரிஸில் அந்த ஆண்டு ஃபிளாபரின் ‘மதாம் பொவாரி’மீது ஒழுக்கக்கேடு என்று வழக்கு. விடுதலை ஆனார். சில மாதத்தில் அதே அரசு வழக்கறிஞர் போதலேரின் ‘தீமையின் மலர்கள்’மீது வழக்குத் தொடுத்தார். போதலேருக்கு அபராதம், ஆறு கவிதைகளுக்குத் தடை. அந்தத் தடை 1949இல்தான் நீங்கியது. காதல்கதைகள் படித்து வாழ்க்கையை அதுபோல எதிர்பார்த்த எம்மா பொவாரியைப் படிக்கும்போது பிரான்செஸ்காவும் டான் குயிக்ஸாட்டும் நினைவுக்கு வருவார்கள். புத்தகம் படித்ததால் விதி மாறியவர்கள் என்று இவர்களைச் சேர்த்து இன்னொரு பாதையே போடலாம்.

ரஷ்யர்களைத் தமிழிலேயே படிக்கலாம். தல்ஸ்தோயின் ‘போரும் வாழ்வும்’ டி.எஸ். சொக்கலிங்கம், ‘அன்னா கரீனினா’ நா. தர்மராஜன், தஸ்தயெவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’, ‘அசடன்’ இரண்டும் எம்.ஏ. சுசீலா. போர் நாவலின் தொடக்கப் பகுதிகளும் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலும் 1866இல் ஒரே ரஷ்ய இதழில் தொடராக வந்தன. சந்தா கட்டிய வாசகர்களை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. செகாவின் சிறுகதைகளுக்கும் இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்துக்கும் இடம் ஒதுக்குங்கள். வடக்கு ஐரோப்பா பக்கம் போக விரும்பினால் க.நா.சு. மொழிபெயர்த்த செல்மா லாகர்லெவின் ‘மதகுரு’, க்னுட் ஹாம்சனின் ‘நிலவளம்’ இருக்கின்றன.

எட்டாம் படி: இருபதாம் நூற்றாண்டு

ஜாய்ஸின் ‘யுலிசிஸ்’ 1922 பிப்ரவரியில் பாரிஸில் வெளியானது. பெயரே ஒடிசியஸின் லத்தீன் வழிப் பெயர். 18 அத்தியாயங்கள், 1904 ஜூன் 16 என்ற ஒரே நாள். நான்காவது அத்தியாயத்தில் தொடங்குங்கள். லியோபோல்ட் ப்ளூம் மனைவிக்குக் காலை உணவு தயார் செய்கிறார், அடுப்பில் சிறுநீரகம் கருகுகிறது. ஆறாவதில் ஒரு சவ ஊர்வலம், இதுதான் ஜாய்ஸின் இறந்தோர் உலகம். ஹோமரின் பதினோராம் காதையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். மூன்றாவது அத்தியாயம் கடினம், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பிறகு வர்ஜீனியா வுல்ஃபின் ‘மிஸஸ் டாலவே’, இதுவும் ஒரே நாள், ஒரே நகரம்.

காஃப்காவின் ‘விசாரணை’ ஏ.வி. தனுஷ்கோடியால் ஜெர்மனிலிருந்தும், காம்யுவின் ‘அந்நியன்’ வெ. ஸ்ரீராமால் பிரெஞ்சிலிருந்தும் நேரடியாகத் தமிழுக்கு வந்தவை. தமிழிலேயே படியுங்கள்.

ரஷ்யக் கவிஞர் அன்னா அக்மதோவாவின் ‘இரங்கற்பா’வை ஒரே அமர்வில் படிக்கலாம். மகனைச் சிறைவைத்த லெனின்கிராடில், சிறை வாசலில் மாதக்கணக்காக வரிசையில் நின்றவர் அவர். ‘இதை உங்களால் விவரிக்க முடியுமா?’ என்று பக்கத்தில் நின்ற பெண் கிசுகிசுத்தாள். ‘முடியும்’ என்றார். எழுதிவைத்தால் ஆபத்து என்பதால் நெருங்கிய தோழிகள் வரிகளை மனப்பாடம் செய்து காத்தார்கள். முழுக் கவிதை ரஷ்யாவில் அச்சேறியது 1987இல்.

அடுத்து ப்ரீமோ லெவி. நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் அடைக்கப்பட்ட இத்தாலிய வேதியியலாளர். 1947இல் வெளியான அவருடைய ‘இவனும் மனிதன்தான் என்றால்’ நூலில் ‘யுலிசிஸின் பாடல்’ என்று ஓர் அத்தியாயம். சூப்புப் பானையைத் தூக்கிவர இன்னொரு கைதியோடு நடந்துபோகிறார் லெவி. அந்த இளைஞனுக்கு இத்தாலியன் கற்க ஆசை. தாந்தேயின் 26ஆம் பாடலை நினைவிலிருந்து சொல்லத் தொடங்குகிறார். சில வரிகள் வருகின்றன, சில வரவில்லை. மறந்த வரிகளை இணைக்க வழி கிடைக்குமென்றால் இன்றைய சூப்பையே கொடுத்துவிடுவேன் என்கிறார், பட்டினி ஆளைக் கொல்லும் இடத்தில். விலங்குகள்போல வாழ நீங்கள் படைக்கப்படவில்லை என்ற வரி வந்ததும், தானே அதை முதல்முறையாகக் கேட்பதுபோல உணர்கிறார். ஹோமரையும் தாந்தேவையும் படித்துவிட்டு இந்தப் பக்கங்களுக்கு வந்தால்தான் அந்த வரியின் எடை முழுதாகத் தெரியும். இந்த வழித்தடத்தை நான் பரிந்துரைப்பதற்கு முதல் காரணமே இந்த அத்தியாயம்தான்.

ஒன்பதாம் படி: இன்றைக்கு

டிராயின் கதை இன்னும் ஓயவில்லை. கிழக்கு ஜெர்மனியின் கிறிஸ்தா வோல்ஃப் 1983இல் ‘கசாண்ட்ரா’வில் அதைத் தோற்ற நாட்டுப் பெண்ணின் குரலில் சொன்னார். அல்பேனியாவின் இஸ்மாயில் கதாரே, ஒலிப்பதிவுக் கருவியோடு மலைப் பாடகர்களைத் தேடிவரும் இரண்டு ஹோமர் ஆய்வாளர்களை ஒற்றர்கள் என்று அரசாங்கம் சந்தேகிப்பதாக ‘எச் கோப்பு’ என்ற நாவல் எழுதினார். முதல் படியில் மில்மன் பாரியைப் பற்றித் தெரிந்துகொண்டவர்களுக்கு இது இரட்டிப்புச் சுவை.

நிகழ்கால எழுத்தாளர்களில் நான்கு பேரோடு தொடங்கலாம். 2022இல் நோபல் பெற்ற அன்னி எர்னோ, தொழிலாளியாக இருந்து சிறு கடை வைத்த தன் தந்தையைப் பற்றி எழுதிய ‘இடம்’ சுமார் நூறு பக்கம்தான், ஒரு மாலை போதும். போலந்தின் ஓல்கா தொகார்சுக் எழுதிய ‘பறத்தல்’ பல நாட்டு, பல காலத்துத் துண்டுகளால் ஆன பயண நாவல், வரிசை மாற்றிப் படித்தாலும் கெடாது. நார்வேயின் யோன் ஃபொஸ்ஸேவின் ‘செப்டாலஜி’யில் முற்றுப்புள்ளியே இல்லை, அதை வாய்விட்டுப் படித்தால் தாளம் பிடிபடும். 2025இல் நோபல் பெற்ற ஹங்கேரியின் லாஸ்லோ கிராஸ்னஹோர்காயிடம் ‘சாத்தான்டாங்கோ’வில் தொடங்குங்கள். அதன் 12 அத்தியாயங்களில் ஒவ்வொன்றும் இடைவெளி இல்லாத ஒரே பத்தி. நடுவில் நிறுத்தினால் இழை விட்டுப்போகும், அதனால் ஓர் அத்தியாயத்தை ஒரே அமர்வில் முடிக்கிற மாதிரி நேரம் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.